ஜீப்புக்கு வைத்த சந்தனம்

எங்கள் குடும்பத்தில் வாய் நீளம் எனக்குத்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, வீட்டில் தாயில்லாத தங்கை, பட்டாளத்திலிருந்து திரும்பிய புருஷன். இத்தனையையும் வைத்துக்கொண்டு வாய் இல்லாமல் காலம் தள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள். "டீச்சரம்மா வாயில விழறதுக்கு கடல்ல விழலாம், அலையாவது கரையில கொண்டாந்து போடும்" என்று எங்கள் சாந்தோம் தெருவுக்கு வரும் மீன்காரி எல்லார் முன்னாலும் சொல்வாள். நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பயந்துகொண்டாவது சரியான எடை போடுவாளே.

யுத்தம் முடிந்து இரண்டொரு வருஷம் இருக்கும். என் புருஷன் பர்மா எல்லையில் மிலிட்டரி லாரி ஓட்டியவர். அவரோடு அதே பட்டாளக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர் ஒருவர், அடையாற்றங்கரைக் குடிசைப் பக்கத்து ஆள், ராயப்பேட்டையில் ஒரு ஓட்டுக் கொட்டகையில் பட்டறை போட்டிருந்தார். பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது இருவரும் கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய ஜீப்பை எடுத்தார்கள். நிலம் அளக்கிறவர்களுக்கும் ஏரி வேலை காண்ட்ராக்டர்களுக்கும் அதை வாடகைக்கு ஓட்டினார்கள். மலையும் சேறுமாகப் பார்த்துவிட்டு வந்த வண்டி. இஞ்சினைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் உட்கார்ந்து லஸ் முனையைத் தாண்டுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். நான் அதில் ஏறவே மாட்டேன். "குதிரை உதைச்சா ஒரு தடவைதான் உதைக்கும்" என்பேன்.

என் தங்கைக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மாவுக்கு நெஞ்சில் வந்த அதே வியாதி அவளுக்கு முதுகெலும்பில் வந்தது. முதலில் முதுகுவலி என்றாள். வேலைக்குச் சோம்பல் என்று நான் கத்தினேன். பிறகு நடுமுதுகில் ஒரு எலும்பு முண்டிக்கொண்டு வெளியே தெரிந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு, ஒரு பலகைமேல் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார்கள். அவள் என்னைப் போல் இல்லை. வலித்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, அந்தப் பல்லி எத்தனை நேரமா ஒரே இடத்துல இருக்குது பாரு" என்பாள்.

அவளைப் பார்த்துவந்த டாக்டர் நகரத்துக்குத் தெற்கே, பரங்கிமலையும் தாண்டி, காசநோய்க்கென்று இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கைக்குச் சொல்லி வைத்தார். சரஸ்வதி பூசை விடுமுறை முடிந்ததும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று தகவல் வந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "அங்கே எலும்பு கரைந்திருக்கிறது. அதை ஒட்டித்தான் காலுக்குப் போகும் நரம்பு போகிறது. இப்போது காலில் உணர்ச்சி இருக்கிறது. வழியில் குலுக்கல் மட்டும் கூடாது. ஒரு மோசமான அதிர்ச்சி போதும், பிறகு கால் கிடையாது." இப்படிச் சொன்னால் கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

எதில் கொண்டுபோவது? ஜட்காவில் நல்ல உடம்புக்காரனே எலும்பை எண்ணிக்கொண்டு இறங்க வேண்டும். ரயில் பெட்டி வாசலில் அந்தப் பலகை திரும்பாது. நோயின் பெயரைச் சொன்னால் பெட்டியில் இருப்பவர்கள் ஏற விடவும் மாட்டார்கள். டாக்சிக்காரர்களும் அப்படித்தான், மாவுக்கட்டைப் பார்த்ததும் "வேற வண்டி பாரும்மா" என்று போய்விட்டார்கள். மிஞ்சியது எங்கள் ஜீப். முன் இருக்கை ஒன்றைக் கழற்றிவிட்டால் பலகை நேராகப் படுக்கும் என்று என் புருஷன் அளந்து பார்த்துச் சொன்னார்.

"முதல்ல நான் படுத்துப் பாக்கறேன்" என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் மாதா கோயிலை விட்டு வரும் நேரம், நான் டீச்சர் என்கிற கௌரவத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஜீப்பில் போட்ட பலகையில் மல்லாக்கப் படுத்தேன். அவர் சாந்தோம் ரோட்டில் மெதுவாக ஓட்டினார். சேசுவே! ஒரு சின்னக் குழிதான். வண்டி அதில் இறங்கி ஏறியதோடு விடவில்லை. மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய், அடுத்த குழி வரும்வரை ஆடிக்கொண்டே இருந்தது. என் பின்மண்டை பலகையில் மோதிக்கொண்டே வந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நான் கண்ணீரோடு எழுந்தேன். வலியால் அல்ல, அவளை அதில் நினைத்துப் பார்த்ததால்.

அன்று மாலையே ராயப்பேட்டைப் பட்டறைக்குப் போய் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, இது வண்டியா, உலக்கையா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜீப்பின் பின்மூலையில் ஏறி ஒரு குதி குதித்து இறங்கினார். வண்டி நெடுநேரம் ஆடி நின்றது. "பார்த்தியா டீச்சரம்மா? ஷாக்கு பூட்டுச்சி. நாலும் பூட்டுச்சி. பர்மாவுலயே பூட்டுச்சி. வண்டிமேல குத்தம் சொல்லாத, அதுக்கு இன்னா தெரியும்?"

ஷாக் அப்சார்பர் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு உண்டு. ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவான இரும்புக் குழாய், உள்ளே எண்ணெய். அதற்குள் போய்வர ஒரு பளபளப்பான தண்டு. குழியில் விழுந்ததும் அடியிலுள்ள வில்பட்டை துள்ளும். அந்தத் துள்ளலை எண்ணெய் பிடித்து அடக்கும். தண்டு குழாய்க்குள் நுழையும் வாயில் ஒரு ரப்பர் வளையம், எண்ணெய் வெளியே வராமல் காப்பது. எங்கள் வண்டியில் நான்கு வளையமும் தேய்ந்து, எண்ணெய் போய், குழாய் வெறும் தகரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"புதுசா போடுங்க. எங்க இருந்தாவது கொண்டாங்க. இல்லன்னா உங்க ரெண்டு பேரையும் பலகையில கட்டி நான் ஓட்டறேன்" என்றேன்.

"அய்ய, இத்த பார்ரா! நைனா, உன் வூட்டம்மா என்னிய பட்டாளத்துல இருந்த சார்ஜெண்டைவிட மெரட்டுது" என்று என் புருஷனிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "கவலியே படாத. நான் போடறேன் பாரு ஷாக்கு. வண்டி தண்ணில படகு கணக்கா போவும். பாப்பா தூங்கிக்கினே போய்ச் சேரும்" என்றார்.

அவருக்குப் பீற்றிக்கொள்வதில் நிகரே கிடையாது. ஆனால் என் தங்கையிடம் அவருக்கு உயிர். அவருடைய பெண் ஒன்று சின்ன வயதில் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பர்மாவில் யானைமேல் போனதாக ஒரு கதை சொல்வார். ஒவ்வொரு தடவையும் யானை வளர்ந்துகொண்டே போகும். "போன மாசம் இதைவிடச் சின்னதா இருந்திச்சே அண்ணே" என்பாள் அவள். "தீனி போடறேன் இல்ல?" என்பார் அவர்.

அலைந்து திரிந்து, ஏலக் கிடங்கில் உடைந்து கிடந்த வேறொரு ஜீப்பிலிருந்து நான்கு ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அதிகம் ஓடாத வண்டி. எண்ணெய் கசியவில்லை. தண்டின்மேல் தூசி படாமல் மூடியிருக்கும் தகர உறை மட்டும் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. மீதியையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். பழையவற்றை ஆயுத பூசைக்கு முந்தின நாள் கழற்றிப் போட்டார்கள். பூசை நாளில் பட்டறையில் யாரும் ஆயுதத்தைத் தொடமாட்டார்கள். மறுநாள் பூசையைக் கலைத்ததும் புதியவற்றை மாட்டுவது, அதற்கும் மறுநாள் அவளைக் கொண்டுபோவது என்று ஏற்பாடு.

பழையதைக் கழற்றிய அன்று சாயங்காலம் நான் பட்டறைக்குப் போனபோது கொட்டகையே கல்யாண வீடாக இருந்தது. மாவிலைத் தோரணம், பூசணிக்காய், பொரி. ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவில், தலைவாழை இலையில் அந்த நான்கு ஷாக் அப்சார்பர்கள். தண்டை முழு நீளத்துக்கும் இழுத்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை சந்தனத்தைக் குழைத்துப் பூசி, இடைவெளிவிட்டுக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார் மெக்கானிக்.

"என்ன அண்ணே, மத்ததுக்கெல்லாம் ஒரு பொட்டு, இதுக்கு மட்டும் மாப்பிள்ளை அலங்காரமா?"

"பாப்பாவுக்குப் போற சாமான் இல்ல? இத்த மட்டும் என் கையால செஞ்சேன். சந்தனமும் நானே அரைச்சேன். வேற எவனையும் தொட உடல."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும்? நாங்கள் வேதக்காரர்கள், ஆயுத பூசை எங்களுக்கு இல்லை. ஆனால் அன்று காலைதான் நானும் பலகையின் தலைமாட்டில் மாதா பதக்கம் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். அவர் சாமியும் பார்த்துக்கொள்ளட்டும், என் மாதாவும் பார்த்துக்கொள்ளட்டும் என்று பொரியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள், பூசையன்று காலை, அவளுக்கு உடம்பு துடைத்துவிடப் போனேன். ஈரத்துணியைப் பாதத்தில் வைத்தேன். "தண்ணி சுடவச்சியாக்கா, பச்சைத்தண்ணியா?" என்று கேட்டாள். துணியைப் போட்டுவிட்டுச் சுண்டுவிரலைக் கிள்ளினேன். "எங்க கிள்ற? கொஞ்சம் மரத்தாப்பல இருக்குது. ராத்திரியிலேருந்து அப்படித்தான்" என்றாள். ராத்திரியிலிருந்தாம். என்னை எழுப்பாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள் பாவி.

டாக்டரிடம் ஓடினேன். "இனி நாளை, மறுநாள் என்று பார்க்க முடியாது. இன்றைக்கே கொண்டுபோங்கள். நான் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

அங்கிருந்து பட்டறைக்கு ஓடினேன். கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். ஜீப் நான்கு சக்கரத்திலும் ஷாக் அப்சார்பர் இல்லாமல் நின்றது. என் புருஷன் விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். பூசையில் இருக்கிற ஸ்பேனரைக் கொடு என்று கேட்க அவருக்கு நா எழவில்லை. பட்டறை ஆட்களில் ஒருவன், "பூசையில வச்சத எடுத்தா ஆவாது அண்ணே. வருசம் பூரா கையில ரத்தம் காட்டும்" என்றான்.

மெக்கானிக் ஒரு நிமிஷம் சாமி படத்தையே பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "காட்டுச்சின்னா எனக்குக் காட்டட்டும். நவுரு" என்று சொல்லி, பூவைத் தள்ளிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

நான் அவரை எத்தனையோ விஷயத்துக்குத் திட்டியிருக்கிறேன். அந்த நிமிஷத்துக்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடுவேன்.

இரண்டு பேரும் வண்டிக்கடியில் படுத்து வேலை செய்தார்கள். ஷாக் அப்சார்பரில் பூசிய சந்தனம் ராத்திரியெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மெக்கானிக் அதைப் பட்டறைத் துணியால் அழுத்தித் துடைத்து, தண்டைக் குழாய்க்குள் தள்ளி மாட்டினார். அவர் இஞ்சின் மெக்கானிக். பட்டாளத்தில் இந்த மாதிரிக் குழாய் ஷாக் கெட்டால் தூக்கி எறிந்துவிட்டு வேறு போடுவார்களாம், யாரும் திறந்து பார்த்ததில்லையாம். முடித்ததும் பின்மூலையில் ஏறிக் குதித்தார். வண்டி ஒரு தடவை அமுங்கி, மேலே வந்து, கம்மென்று நின்றது.

"நான் சொல்லல?" என்றார். முகமெல்லாம் எண்ணெயும் சிரிப்பும்.

பலகையோடு அவளை ஏற்றினோம். என் புருஷன் ஓட்டினார். நான் பலகையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன், மெக்கானிக் மறுபக்கம். தேனாம்பேட்டைவரை நிஜமாகவே படகுதான். குழி வரும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடிப்பாள், ஆனால் ஒரே ஒரு தடவை, அத்தோடு சரி. "யானை இதைவிட மெதுவா போச்சா அண்ணே?" என்று கேட்டாள். "இத்தோட பார்த்தா யானை தண்டம் பாப்பா" என்றார் அவர். நான்கூடச் சிரித்தேன்.

சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறும்போது அடியில் டொக்கென்று ஒரு சத்தம். பின்பக்கம் லேசாக ஆடியது. பாலத்தை விட்டு இறங்கியதும் ஆட்டம் அதிகமானது. என் புருஷன் திரும்பிப் பார்த்தார். அவர் ஓட்டிய வேகத்தில் நடந்தே வந்துவிடலாம், அதற்குமேல் எப்படி மெதுவாக ஓட்டுவது? கிண்டிக்கு அப்பால் ரோடு சரியில்லை. ஒரு குழியில் பின்சக்கரம் இறங்கியது. வண்டி மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. சாந்தோம் ரோட்டில் என் பின்மண்டை மோதிய அதே ஆட்டம். நான் பலகைமேல் கவிழ்ந்து உடம்பால் அவளை அமுக்கிப் பிடித்தேன். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அலறினேன்.

வண்டி நின்றது. மெக்கானிக் குதித்துப் போய் அடியில் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். பின்பக்கத்து இரண்டு குழாயும் நனைந்து, எண்ணெய் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் விரலால் அந்த ரப்பர் வளையத்தைத் தடவினார். விரலை வெளியே எடுத்து வெயிலில் பார்த்தார். எண்ணெயோடு மஞ்சளாக நறநறவென்று ஒட்டியிருந்தது. தண்டில் மிச்சமிருந்த சந்தனப் பொருக்கு ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே போய்வந்து ரப்பரை அறுத்திருக்கிறது. அந்த விரலை அவர் சட்டையில் துடைக்கவுமில்லை, கையைக் கீழே போடவும் தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அடப்பாவி, உன் சந்தனத்தில் இடி விழ என்று வாய்வரை வந்துவிட்டது. அவளுக்குக் கேட்குமே என்றுதான் பல்லைக் கடித்தேன்.

அப்போது அவளே பேசினாள்.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க? இப்பதான் நல்லா போவுது. வலி சுத்தமா நின்னுபோச்சு."

நான் அவள் பாதத்தைப் பார்த்தேன். என் கைதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது, நகம் பதியும் அளவுக்கு. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஷாக்கு பிரமாதம். காலு இருக்கறதே தெரியல."

மெக்கானிக் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மீதி வழியை எப்படிப் போனோம் என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை. போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் ஊசியால் காலைக் குத்திப் பார்த்தார்கள். இடுப்புவரை குத்திக்கொண்டே வந்தார்கள். மரத்துப்போவது முந்தின ராத்திரியே ஆரம்பித்துவிட்டது, வழியில் ஒன்றும் நடக்காவிட்டாலும் இது வந்திருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். வந்திருக்காமலும் இருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவர் சொன்னதை நான் நம்பவும் இல்லை, நம்பாமல் விடவும் இல்லை.

அவளிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. வியாதிதான் காலைக் கொண்டுபோனது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வார்டில் புதிதாக யார் வந்தாலும், "நான் ஜீப்புல வந்தேன், பாதி வழிக்குமேல வலியே இல்ல, எங்க அண்ணன் அப்படி ஒரு ஷாக்கு போட்டாரு" என்று சொல்வாளாம். நர்ஸ் என்னிடம் சொன்னாள். மெக்கானிக் மட்டும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவே இல்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. என் புருஷனிடம் என் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுவாராம். நான் திட்டவேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சமைக்கும்போது திட்டுவேன், கோயிலில் முழங்காலில் இருக்கும்போது திட்டுவேன். ஒவ்வொரு வார்த்தையும் தயாராக இருந்தது.

அடுத்த வருஷம் ஆயுத பூசை முடிந்து ஒரு நாள், வார்டு வாசலில் அவரைப் பார்த்தேன். பொரிப் பொட்டலம் கையில். எப்போதும் சந்தனம் இருக்கும் நெற்றி வெறுமையாக இருந்தது. அவள் அதற்குள் எலும்பும் தோலுமாகிவிட்டிருந்தாள். இருந்தாலும் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"யானை எவ்ளோ பெருசாயிடுச்சு அண்ணே?"

அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"அழாதீங்க அண்ணே. காலு போனா என்ன? அன்னைக்கு நீங்க மட்டும் இல்லன்னா வலியிலயே செத்திருப்பேன்" என்றாள் அவள். அவருடைய கையைத் தேடிப் பிடித்து, அதைத் தட்டிக்கொடுத்தாள்.

வெளியே வந்ததும் அவர் வராந்தாவில் என் முன்னால் நின்றார். தலை நிமிரவில்லை.

"டீச்சரம்மா, திட்டிடு. ஒரு வருசமா உன்கிட்ட திட்டு வாங்கணும்னுதான் கீறேன். உன் வாயால ரெண்டு வார்த்தை திட்டிடு, நான் போயிடறேன்."

சேர்த்து வைத்திருந்தேனே, ஒரு வார்த்தை வரவில்லை. உள்ளே அவள் பொரிப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, அண்ணே. வாங்க போவலாம்" என்றேன்.